பச்சை மூடிக்குப் பரிசு இல்லை

போன மாதம் ஹேமா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். ஈப்போவில் நான் வேலை பார்த்த மசாலா கம்பெனியில், நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். "புஷ்பாக்கா, ரீகாலுக்குத் தமிழ்ல என்னா போடுறது? புது சிஸ்டத்துல மூனு மொழியிலயும் நோட்டீஸ் ரெடியா இருக்கணுமாம். ஒரே வார்த்தை போதும்லா" என்று கேட்டிருந்தாள். கூடவே கும்பிடும் கை பொம்மை இரண்டு.

ஒரே வார்த்தையாம்! அந்த ஒரே வார்த்தையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது. அப்போது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பாள். குரல் பதிவில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் பேரன் வந்து போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

விற்றுப்போன சரக்கில் கோளாறு என்று தெரிந்தால், கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்குப் பெயர்தான் ரீகால். என் வேலைக்காலத்தில் பெரிதாக ஒன்றே ஒன்றுதான் நடந்தது. அந்த ஒன்று போதும், சாமி.

நான் பிறந்தது கோலா கங்சார் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில். ரப்பரை நாங்கள் கித்தா என்றுதான் சொல்வோம். மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது எங்கள் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. படிப்பு முடித்த கையோடு மசாலா கம்பெனிக்கு லேபல் ஒட்டப் போனேன். லேபலிலிருந்து பேக்கிங், பேக்கிங்கிலிருந்து ஸ்டோர், ஸ்டோரிலிருந்து ஆபீஸ் என்று நான் நகர்ந்த கதையைச் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும். கடைசியில் என்னை ஒரு போன் மேசையில் உட்கார வைத்தார்கள். கதவில் 'வாடிக்கையாளர் சேவை' என்று எழுதியிருக்கும். எங்களுக்குள் அதற்குத் திட்டு மேசை என்று பெயர்.

எனக்கு மேலே இருந்தவர் யோகா மிஸ். தரக்கட்டுப்பாட்டு மேலாளர். முழுப் பெயர் யோகராணி. தைப்பிங்கில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவருடைய வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கத்தை நான் பார்த்ததில்லை. வளையல் போட்ட கையோடு யாரும் உற்பத்திக் கூடத்துக்குள் நுழைய முடியாது. முதலாளியின் மனைவியையே ஒருநாள் வாசலில் நிறுத்தி வளையலைக் கழற்ற வைத்தவர் அவர். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே கழற்றினார், வேறு வழி?

போனில் பேசுவதற்கு மிஸ் எனக்கு ஒரு முறை வைத்திருந்தார். யார் எந்தக் குறை சொன்னாலும் முதலில் "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் வந்த பிறகுதான் பொருளின் பெயர், தொகுதி எண் எல்லாம். "ஆளை விட்டுட்டுப் போத்தலை விசாரிக்காதை பிள்ளை" என்பார். அடுத்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். 'மூஞ்சி பொதபொதன்னு ஆயிடுச்சி' என்று ஒருவர் சொன்னால் நான் 'வீக்கம்' என்று எழுதக்கூடாது. "வீக்கம் எண்டால் காலில வந்தாலும் வீக்கம்தானே?" என்று கேட்பார். போனை வைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு கேள்வி: "உங்களுக்கு எது எது ஒத்துக்காது?" முதல் வருடம் இதெல்லாம் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. பழகிய பிறகு, வீட்டில் பிள்ளைகளிடமும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஒருநாள் காலை சித்தியவானிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"மேடம், என் பொண்டாட்டிக்கு ஒதடு ரெண்டும் வடை மாதிரி வீங்கிப்போச்சி. மேலெல்லாம் தடிப்பு. வெறும் சாம்பாரும் சோறும்தான் சாப்பிட்டா. உங்க பச்ச மூடி மசாலாதான் போட்டது."

"இப்ப எப்படி இருக்காங்க அண்ணே?"

"கிளினிக்ல ஊசி போட்டாங்க. இப்ப பரவால்ல, தூங்குறா."

மற்றதெல்லாம் எழுதிக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேட்டேன். "இறாலுதான் ஒத்துக்காது. ஆனா நாங்க வச்சது சைவ சாம்பார்லா!" என்றார்.

அதற்கடுத்து பாரிட் புந்தாரிலிருந்து ஓர் ஆசிரியை. தொண்டை அடைத்து மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்களாம். அவருக்கும் இறால் ஆகாது. மூன்றாவதாக ஈப்போவிலேயே ஒரு காலேஜ் பெண். அவளுக்கும் அதே பதில். நான் எழுதியவற்றை எடுத்துக்கொண்டு மிஸ்ஸின் அறைக்குப் போனேன். படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

எங்கள் கம்பெனியில் பச்சை மூடி என்றால் சைவச் சாம்பார் மசாலா. குழம்பில் அப்படியே கரைத்து ஊற்றும் பசை. சிவப்பு மூடி சம்பால் பெலாச்சான். பெலாச்சான் என்பது கூனி இறாலை இடித்துப் புளிக்கவைத்துச் செய்வது. இரண்டுக்கும் தனித்தனி இயந்திரம், தனித்தனி அறை. எந்தத் தொகுதி போட்டாலும் அதில் ஒரு போத்தலை எடுத்து அலமாரியில் வைத்திருப்போம். மிஸ் அந்தத் தொகுதிப் பச்சை மூடியைத் திறந்து, கரைத்து, சோதனைக் குச்சியை முக்கினார். கர்ப்பம் பார்க்கும் குச்சி மாதிரிதான் அதுவும். இரண்டு கோடு விழுந்தால் உள்ளே இறால் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கோடு விழுந்தது. மிஸ் இன்னொரு குச்சியை எடுத்தார். அதிலும் விழுந்தது.

அன்றைக்கே காரணம் தெரிந்துவிட்டது. பச்சை மூடிப் பக்கத்து பம்ப் பழுதானபோது, மெக்கானிக் சிவப்பு மூடிப் பக்கத்து பம்பைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். கொதிக்கும் தண்ணீரில் கழுவித்தான் மாட்டினார். மோந்து பார்த்தால் வாடை இல்லை. ஆனால் உள்ளே இருந்த ரப்பர் வாஷருக்குள் பெலாச்சான் ஊறிக் கிடந்திருக்கிறது. எங்கள் குடும்பம் தலைமுறையாகப் பால் வெட்டிய கித்தா, கடைசியில் ஒரு சின்ன வாஷராக வந்து என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

முதலாளி நல்ல மனிதர். மிஸ் சொல்லி முடிப்பதற்குள் "எல்லாத்தையும் திரும்ப எடுங்க" என்று சொல்லிவிட்டார். விற்பனை மேலாளர் குணாவுக்குத்தான் முகம் செத்துப்போயிற்று. சுகாதார அதிகாரிகளுக்குத் தகவல் போனது. கடைகளுக்கு லாரி போனது. பத்திரிகைக்கும் கடை வாசலுக்கும் நோட்டீஸ் தயாரானது. மிஸ்ஸுக்கு நல்ல தமிழ் மேல் ஒரு பிரியம். விளம்பரக் கம்பெனிக்காரர்கள் எழுதி அனுப்பியதைப் பார்த்துத் திருப்தியோடு கையெழுத்து வைத்தார். மேலே பெரிய எழுத்தில் 'மீட்டுக்கொள்ளப்படுகிறது'. நடுவில் பச்சை மூடிப் போத்தலின் அழகான படம். அதன் கீழ் எங்கள் போன் நம்பர். அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், இறால் சார்ந்த ஒவ்வாமைப் பொருள் கலந்திருக்கக்கூடும் என்ற விளக்கம்.

அந்தச் சொல்லில் தப்பு இல்லை. நம் ஊர்ப் பத்திரிகையில் 'அமைச்சு அறிவிப்பை மீட்டுக்கொண்டது', அதாவது திரும்பப் பெற்றது, என்று படித்துப் பழகியவர்கள்தான் நாம். ஆனால் அதே சொல்லைப் பேரங்காடியிலும் பார்த்துப் பழகியிருக்கிறோமே! 'புள்ளிகளைச் சேர்த்துப் பரிசுகளை மீட்டுக்கொள்ளுங்கள்.' போதாக்குறைக்கு, முந்தின தீபாவளிக்கு எங்கள் கம்பெனியே ஒரு போட்டி வைத்திருந்தது. பச்சை மூடிகளைச் சேர்த்துக் கொடுத்து டிபன் கேரியரை மீட்டுக்கொள்ளலாம். அதே போத்தல், அதே படம், அதே போன் நம்பர். இந்த நோட்டீஸை யாரோ ஒரு புண்ணியவான் கடை வாசலில் படம் பிடித்து, கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு, வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், போன் ஓயாமல் அடிக்கிறது என்பதுதான். குணாவுக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா, மக்கள் எவ்ளோ ஒத்துழைக்கிறாங்க!" என்றார். ஓர் அக்கா "எத்தன கொண்டாரணும்?" என்று கேட்டார். "எத்தனை இருந்தாலும் கொண்டாங்க அக்கா" என்றேன். "அப்படின்னா தங்கச்சி வீட்டுலயும் கேக்குறேன்லா" என்று சந்தோஷமாக வைத்துவிட்டார். இவ்வளவு பொறுப்பான மக்களா என்று நானும் நெகிழ்ந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமையும் மேசையைத் திறந்து வைத்திருந்தோம். காலையில் நான் டீ குடிக்க எழுந்தால் என் நாற்காலியில் மிஸ் உட்காருவார். அது எப்போதும் உள்ள வழக்கம். அன்றும் உட்கார்ந்தார். போன் அடித்தது. எதிர்ப்பக்கம் மேளச் சத்தம் பலமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹலோ, மசாலா கம்பெனியா? நான் லெட்சுமி பேசுறேன். கோலா கங்சார் பக்கம், ஆத்தோரத் தோட்டத்து மாரியம்மன் கோயில்லேருந்து. இன்னிக்கு இங்க திருவிழா, சாப்பாடு எங்க உபயம். உங்க பச்ச மூடிதான், பெரிய வாளியா வாங்கியிருக்கோம். மூடியெல்லாம் கழுவிக் காய வச்சாச்சி. பெரிய மூடிக்கு என்னா பரிசு? சின்ன மூடிக்குக் குடுக்குறதுதானா?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மூடி கிடக்கட்டும் அம்மா. உள்ளுக்கு இருந்த மசாலா எங்க?"

"அது சாம்பாருக்குத்தான். இப்பதான் அடுப்புல அண்டா ஏறுது."

"அதைப் போடாதேங்கோ! அதில இறால்..."

"ஆ? என்னா? இங்க மேளம் அடிக்கிறாங்க, ஒன்னும் கேக்கல. பூசை முடிஞ்சி கூப்புடுறேன், ஓகேலா!"

வைத்துவிட்டார். மிஸ் திரும்பத் திரும்ப அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திருவிழாவில் யார் கைப்பையைத் திறந்து போனைப் பார்ப்பார்கள்?

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிள்ளை, சனம் பரிசெண்டு நினைச்சிருக்கு. மூடியை வச்சிட்டு மசாலாவைத் தின்னுது. நான் கையெழுத்து வச்ச நோட்டீஸ்" என்றார். அவ்வளவுதான் புலம்பினார். அடுத்த நிமிடம் எழுந்து நின்று வேலை பிரிக்க ஆரம்பித்துவிட்டார். கடைகளுக்கெல்லாம் போன் செய்து அந்த நோட்டீஸைக் கிழிக்கச் சொல்ல இரண்டு பேர். 'சாப்பிடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் புதிதாக எழுதி எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட ஒருவர். "அந்தக் கோயில் உனக்குத் தெரியுமோ?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியும். நான் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அது.

கம்பெனி வேனை எங்கள் டிரைவர் பாக் மாட் ஓட்டினார். அன்றைக்கு அவருக்கு விடுமுறை. பேத்தியின் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போக இருந்தவர் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் வந்தார். பாதி வழியில் குணா போனில் கூப்பிட்டார்.

"மிஸ், கோயில்ல போயி பெலாச்சான்னு மட்டும் சொல்லிடாதீங்க. பேக்கிங் லீக்னு சொல்லி மாத்திக் குடுத்துடுங்க. அம்மன் கோயில்ல இந்தப் பேச்சு வந்துச்சின்னா, இனிமே எந்தத் தமிழன் வீட்டுல நம்ம சைவ மசாலா வாங்குவான்?"

"லீக் எண்டால் துடைச்சிப்போட்டுச் சமைப்பினம், குணா" என்றார் மிஸ். வைத்துவிட்டார்.

குணா சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்ததாக எனக்கும் பட்டது. நானும் தோட்டத்தில் பிறந்தவள். திருவிழாவுக்குக் கொடியேறினால் மீன் வாசமே வீட்டில் படாமல் விரதம் இருந்த குடும்பம். அந்த அம்மன் வாசலில் நின்று எப்படி அந்தச் சொல்லை வாயால் சொல்வது? மிஸ்ஸிடம் கேட்டேன். "நீங்களே சொல்லிடுங்களேன் மிஸ்."

"இல்லை, நீ சொல்லு. என்ர தமிழ் அவைக்கு விளங்காட்டில் இன்னொருக்காப் பிழைச்சுப் போயிடும்" என்றார்.

செம்பனைக்கு நடுவே செம்மண் பாதையில் வேன் குலுங்கிப் போனது. அந்தத் தோட்டத்தில் இப்போது ஒரு வீடும் இல்லை. ஆனால் திருவிழா என்றால் ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் என்று போனவர்களெல்லாம் காரைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். கார் நிறுத்த இடமில்லை. பந்தலில் ஜனம் நிறைந்திருந்தது. கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சமையல். வாசலிலேயே ஒரு பாய் விரித்து, கழுவிய பச்சை மூடிகளை வரிசையாகக் காய வைத்திருந்தார்கள். உள்ளே அண்டாவில் சாம்பார் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பெருங்காய வாசனை மூக்கைத் துளைத்தது. அம்மனுக்குப் படைக்கும் முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது; அதனால் ஒரு சொட்டுகூட யார் நாக்கிலும் பட்டிருக்கவில்லை. அந்த வழக்கம்தான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது.

லெட்சுமி அக்காவைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. மஞ்சள் புடவை, கையில் நீளக் கரண்டி, எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். எங்கள் சட்டையில் கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடியாத்தே, நேரா பரிசையே தூக்கிட்டு வந்துட்டாங்களா!"

"அக்கா, பரிசு இல்லக்கா. அடுப்ப நிறுத்துங்க. இந்தச் சாம்பார யாரும் சாப்பிடக்கூடாது."

கோயில் தலைவர் மாரிமுத்து அண்ணன் குறுக்கே வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சிவப்புத் துண்டு. "என்னாம்மா பேசுறீங்க? பூசைக்கு மணி ஆயிடுச்சி. சாமிக்குன்னு அடுப்புல ஏத்துனதக் கீழ ஊத்தச் சொல்றீங்களா? எதுனாலும் அப்புறம் பேசிக்கலாம்."

நான் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"அண்ணே, இந்த மசாலாவுல பெலாச்சான் கலந்துருச்சி. எங்க மிஷின்ல நடந்த கோளாறு. இறால் ஆகாதவங்க சாப்பிட்டு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். மாரிமுத்து அண்ணனின் வாய் திறந்தபடியே நின்றது. லெட்சுமி அக்கா சாமியைப் பற்றிக் கத்தப் போகிறார் என்று நினைத்து நான் என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். அவர் கத்தினார். ஆனால் வேறு ஒன்றைக் கத்தினார்.

"தர்ஷினி எங்க? ஏய், தர்ஷினி எங்கடி?"

தர்ஷினி அவருடைய மருமகள். பந்தலிலிருந்து கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். இறால் ஒரு துளி பட்டாலே அவளுக்கு மூச்சு நின்றுவிடும். ஒருமுறை இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜியைச் சாப்பிட்டு, ஐசியூ வரைக்கும் போய் வந்தவளாம். அவளுக்குப் பல வருடம் கழித்துப் பிறந்த குழந்தைக்காகத்தான் இந்த உபயமே. அம்மனுக்குப் படைத்ததும் முதல் இலை உபயக்காரர் வீட்டுக்கு. அந்த முதல் இலையில் உட்காரவிருந்தவள் அவள்தான்.

லெட்சுமி அக்கா மருமகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு மாரிமுத்து அண்ணனைப் பார்த்து, "எறக்குங்கலா அண்டாவ" என்றார். தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரே ஒரு பக்கம் பிடித்தார். ஆண்கள் சேர்ந்து தூக்கிப் போய், செம்பனை வரிசைக்குள் குழி வெட்டி, அதில் ஊற்றி மூடினார்கள். மிச்சம் இருந்த வாளிகளை பாக் மாட் வேனில் ஏற்றினார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு விழுந்தது.

"சைவம்னு பச்ச மூடியப் போட்டு விக்கிறீங்களே, வெக்கமா இல்ல? ஆத்தாளுக்கே பெலாச்சான ஊட்டப் பாத்தீங்களே! எம் புள்ளயப் பொணமாக்கப் பாத்தீங்களே! மூடியக் கழுவி வச்சிக்கிட்டுக் குழந்தையாட்டம் பரிசு கேட்டேனே, பாவி!"

திட்டு மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்தவள் நான். எனக்கே கண் கலங்கிவிட்டது. மிஸ் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வாஷர், பம்ப், நோட்டீஸ் ஒன்றையும் இழுக்கவில்லை.

"ஓம். எங்கட பிழை" என்றார். "இப்ப நாங்கள் என்ன செய்யவேணும், சொல்லுங்கோ."

லெட்சுமி அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "காய் நறுக்குங்க. வேற என்னா? ஜனம் பசியோட உக்காந்திருக்கு."

மிஸ் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சவுக்காரம் கேட்டு வாங்கி, கம்பெனியில் செய்வது போலவே முழங்கை வரை தேய்த்து, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் கழுவினார். கைக்குட்டையால் தலைமுடியை இறுக்கிக் கட்டினார். பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் வழக்கம்போல, "பிள்ளை, வளையலைக் கழட்டுங்கோ" என்றார். அந்தப் பெண் திகைத்தாள். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். லெட்சுமி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவரும் வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்ததை நான் பார்த்தேன்.

அண்டாவைச் சாம்பலும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்தோம். அதோடு மிஸ்ஸுக்கு மனம் நிற்கவில்லை. வேறு அண்டா இருக்கிறதா என்று கேட்டு, கோயில் அறையிலிருந்து ஒன்றை எடுத்துவரச் செய்தார். மல்லியும் மிளகாயும் வறுத்து, அம்மியில் இரண்டு பேர் மாறி மாறி அரைத்தார்கள். மிஸ் பூசணிக்காய் நறுக்கினார். எல்லாத் துண்டும் ஒரே அளவு. "இவங்க என்னா அளவுகோல் வச்சி வெட்டுறாங்களா?" என்று ஒரு பெண் என் காதில் கேட்டாள்.

இதற்கிடையில் மாரிமுத்து அண்ணன் மைக்கில் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகும் என்று அறிவித்துவிட்டு இறங்கப் பார்த்தார். மிஸ் கத்தியை வைத்துவிட்டு அவரிடம் போனார். காரணத்தையும் சொல்ல வேண்டும் என்றார். தலைவருக்கு விருப்பமில்லை. கோயிலுக்குக் கெட்ட பெயர் என்றார். "இதில எத்தனை பேர் வீட்டில அந்தப் போத்தல் இருக்கோ தெரியாது அண்ணே" என்றார் மிஸ். தலைவர் யோசித்துப் பார்த்து மைக்கை நீட்டினார். மிஸ் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார்.

"பச்சை மூடி மசாலா வீட்டில இருந்தால் சாப்பிடாதேங்கோ. அதில இறால் கலந்திருக்கு. எங்கட கம்பெனிப் பிழை. மூடிக்குப் பரிசு இல்லை. டிபன் கேரியரும் இல்லை."

பந்தலில் "அடச்சே!" என்று பல குரல் எழுந்தது. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே ஆளாளுக்குப் போனை எடுத்து வீட்டுக்கும் தங்கச்சிக்கும் மாமியாருக்கும் சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கள் நோட்டீஸ் செய்யாததை அந்தப் பந்தல் ஒரு பொழுதில் செய்துவிட்டது.

பின்னால் நடந்ததை இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குணா பயந்தபடி விற்பனை படுத்தது, பிறகு மெல்ல எழுந்தது. பாரிட் புந்தார் ஆசிரியை குணமாகி வீடு திரும்பினார். மிஸ் நேரில் போய்ப் பார்த்தார். சிவப்பு மூடிப் பக்கத்து ஆணிகூட இன்று பச்சை மூடி அறைக்குள் போக முடியாது. நோட்டீஸில் முதல் சொல் 'சாப்பிடாதீர்கள்' என்றுதான் இருக்க வேண்டும் என்று மிஸ் விதி எழுதி வைத்தார். ஹேமாவுக்கும் அதைத்தான் பதிலாக அனுப்பினேன். என் வேலைக்காலத்தை நினைத்தால் எனக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் இன்னும் முடிக்கவில்லை.

பூசை முடிந்தது. அம்மனுக்குப் படைத்தாகிவிட்டது. பந்தலில் வாழை இலை போட்டார்கள். நானும் மிஸ்ஸும் சொல்லிக்கொள்ளாமல் வேனுக்கு நழுவிவிடலாம் என்று பார்த்தோம். மிஸ்ஸின் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை, என் தலையெல்லாம் அடுப்புப் புகை. லெட்சுமி அக்கா வழியை மறித்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க? உக்காருங்க. மொத எலயில நீங்க ரெண்டு பேரும்தான்."

"அது உங்கட வீட்டு இலை அம்மா" என்றார் மிஸ்.

"தெரியும். நீங்க சாப்பிட்டாதான் எம் மருமக சாப்பிடுவா."

அது மரியாதையா சோதனையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். மிஸ் வலிக்கும் முழங்காலை மடக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. எங்களைச் சுற்றி ஜனம் நின்றது, ஒருவரும் உட்காரவில்லை. எதிரில் தர்ஷினி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் பயம் அப்படியே இருந்தது. மிஸ் பிசைந்து முதல் கவளத்தை வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். அடுத்த கவளம். நானும் சாப்பிட்டேன். இலை பாதி காலியானதும் மிஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் சாம்பார் விடுங்கோ. நல்லா இருக்கு."

லெட்சுமி அக்காவே வாளியைக் கொண்டுவந்து ஊற்றினார். மிஸ் அதையும் பிசைந்து சாப்பிட்டார். தர்ஷினி மாமியாரைப் பார்த்தாள். குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

"எனக்கும் ஊத்துங்க அத்தை" என்றாள்.